முகாம்களில் குழந்தைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு: கூட்டம் நடக்கிறது, வேலைதான் நடக்கவில்லை

முகாம்வாசல் கேட்டது:

வணக்கம். வெள்ளத்துக்குப் பிறகு திறந்த முகாம்களில் குழந்தைப் பாதுகாப்பு வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை ஒரு நிறுவனத்துக்குள் ஒரு திட்டத்தை நடத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது அரசுத் துறை, ஐ.நா. அமைப்பு, பெரிய தொண்டு நிறுவனங்கள், உள்ளூர்ச் சங்கங்கள், திடீரென்று வண்டி பிடித்து வந்திறங்கும் தன்னார்வக் குழுக்கள் என்று எல்லாரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க வேண்டும். நான் யாருக்கும் மேலதிகாரி இல்லை, கையில் காசும் இல்லை.

நிலைமையைச் சொல்கிறேன். பெரிய சாலையை ஒட்டிய முகாமில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடாரங்கள் மூன்று, பக்கத்து பக்கத்தில். உள்ளே தள்ளியிருக்கும் முகாம்களில் ஒன்றுகூட இல்லை. வாராந்தரக் கூட்டத்தில் ஆளாளுக்கு 'நாங்கள் இத்தனை பிள்ளைகளுக்கு இன்னது கொடுத்தோம்' என்று அறிக்கை வாசித்து முடிக்கவே சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. பெற்றோரைப் பிரிந்த ஒரு சிறுமியிடம் மூன்று அமைப்புகள் தனித்தனியாக உட்கார்ந்து 'தண்ணீர் வந்தபோது நீ எங்கே இருந்தாய், அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய்' என்று கேட்டிருக்கிறார்கள். நாலாவதாக ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது அவள் எழுந்து போய்விட்டாளாம். பட்டியலைப் பகிருங்கள் என்றால் ஒரு நிறுவனம் ரகசியம் என்கிறது, இன்னொன்று பிள்ளையின் படம், பெயர், கூடார எண் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? வழிகாட்டி ஆவணங்களைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். களத்தில் செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழையகை:

அதிகாரம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இந்த நாற்காலியில் உட்கார்ந்த யாருக்குமே அது இருந்ததில்லை. 2005-ல் மனிதாபிமான உதவியைச் சீர்திருத்தப் போகிறோம் என்று கிளஸ்டர் முறையைக் கொண்டுவந்தார்கள், அதாவது உதவி வேலையைத் துறைவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை அமைப்பு. பாதுகாப்புத் துறைக்கு உலக அளவில் தலைமை ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர், அதற்குள் குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் யுனிசெஃப். அகதிகள் விஷயமென்றால் ஏற்பாடே வேறு, அங்கே ஒருங்கிணைப்பு மொத்தமும் யுஎன்எச்சிஆர் கையில். எந்த ஏற்பாடானாலும் முதல் பொறுப்பு அந்த நாட்டு அரசுக்குத்தான், மற்றவர்கள் எல்லாம் அதற்குத் துணை. ஒருங்கிணைப்பாளர் கேட்கலாம், எடுத்துக்காட்டலாம், இந்த இடத்தில் ஆளில்லை என்று உரக்கச் சொல்லலாம். உத்தரவு மட்டும் போட முடியாது.

உங்கள் முதல் வாரத்தை ஒரே ஒரு தாளில் செலவழியுங்கள் என்பேன். ராத்திரி 9 மணிக்கு முகாம் வாசலில் ஒரு பிள்ளை தனியாக நிற்கிறது, பார்த்தவர் யாருக்கு போன் செய்ய வேண்டும்? அந்த போனை எடுப்பவர் என்ன செய்வார், பிள்ளை அன்றிரவு எங்கே தூங்கும்? இதற்குப் பதில் இல்லாமல் நடத்தும் கூட்டமெல்லாம் டீ செலவு. முகாம்வாரியாக எழுதுங்கள்: தனியாக இருக்கும் பிள்ளைக்கு யார், அடிபட்ட பிள்ளைக்கு யார், பாலியல் வன்முறைக்கு உள்ளான பிள்ளைக்கு எந்த மருத்துவமனை, அங்கே பகலில் யார், இரவில் யார். இந்தக் கடைசி விஷயத்தில் நேரம்தான் எல்லாமே. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம்தான் கணக்கு. வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் 'அடுத்த நடவடிக்கை' என்று எழுதிக்கொள்ளும் ஒருங்கிணைப்பால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தாள் தயாரானதும் நீங்களே ராத்திரியில் அந்த எண்களுக்கு அடித்துப் பாருங்கள். பாதி எண்கள் அலுவலக லேண்ட்லைனாக இருக்கும், ஐந்து மணிக்கு மேல் மணி அடித்துக்கொண்டே கிடக்கும்.

கூட்ட விஷயம். அறிக்கை வாசிப்பதை நிறுத்துங்கள், முந்தின நாளே எழுத்தில் அனுப்பச் சொல்லிவிடுங்கள், வராதவர்களுடையதை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் எங்கே ஆளில்லை, எது சிக்கி நிற்கிறது, யார் எதை எப்போதைக்குள் முடிக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகாம்களின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அவர்களையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சாலையோர முகாமில் மூன்று புள்ளி, உள்முகாம்களில் வெறும் வெள்ளைத்தாள். நீங்கள் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த வரைபடத்தை நிதி கொடுப்பவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், கூடாரம் தானாக நகரும்.

---

எக்செல்தொழிலாளி:

தகவல் பக்கத்தை நான் சொல்கிறேன், அதுதான் என் பிழைப்பு.

ரகசியம் என்று சொன்ன நிறுவனம் சொன்னது சரிதான். ஒருங்கிணைப்பாளருக்குப் பிள்ளையின் பெயர் எதற்கு? உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை: எந்த முகாமில், எந்த வயதில், ஆணா பெண்ணா, என்ன சிக்கல், இன்னும் கவனிக்கப்படாமல் எத்தனை பேர். பெயரும் கதையும் அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் கேஸ் ஒர்க்கரிடம் மட்டும் இருக்கட்டும். வேறு சேவைக்கு அனுப்பும்போது, பிள்ளையும் பொறுப்பாளரும் சம்மதித்த பிறகு, அங்கே தேவையான அளவு மட்டும் போகட்டும். இதை எல்லா நிறுவனங்களும் கையெழுத்திட்ட தகவல் பகிர்வு ஒப்பந்தமாக இரண்டு பக்கத்தில் எழுதிவிடுங்கள், அப்புறம் 'ரகசியம்' என்று சொல்லி எண்ணிக்கையைக்கூடத் தராமல் இருப்பவர்களுக்கும் சாக்கு இருக்காது.

வாட்ஸ்அப் படத்தை இன்றே நீக்கச் சொல்லுங்கள். நல்ல மனசோடு போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பெற்றோர் பக்கத்தில் இல்லாத ஒரு பெண் பிள்ளை இன்ன கூடாரத்தில் இருக்கிறாள் என்று முகம் தெரியாத நூறு பேருக்குச் சொன்னதாக ஆகிவிட்டது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது, அவர்கள் யாருக்கு ஃபார்வர்ட் செய்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்தச் சிறுமி மாதிரி மூன்று முறை விசாரிப்பதைத் தடுக்க ஒரு வழிதான் உண்டு: ஒரு பிள்ளைக்கு ஒரு அமைப்பு. எந்த முகாமில் எந்த அமைப்பு கேஸ் எடுக்கிறது என்று பிரித்துவிடுங்கள், மற்ற எல்லாருக்கும் வேலை பிள்ளையை ஆறுதலாக உட்கார வைத்து, பெயர், வயது, எங்கே கண்டோம், இப்போது யாரோடு இருக்கிறது என்ற அளவில் ஒரு சீட்டு எழுதி, அந்த அமைப்பைக் கூப்பிடுவதோடு முடிந்தது. கதை கேட்பது அவர்கள் வேலையில்லை.

கேஸ் எடுப்பவருக்கும் பயிற்சி வேண்டும். நாலு வயதுப் பிள்ளையிடம் 'உன் ஊர் எது, அப்பா முழுப்பெயர் என்ன' என்று கேட்டால் விழிக்கும். பாட்டியை எப்படிக் கூப்பிடுவாய், வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கும், அம்மா உன்னைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவாள் என்று கேளுங்கள், இல்லையென்றால் வரையச் சொல்லுங்கள். பேசத் தெரியாத குழந்தையென்றால் அது வந்தபோது போட்டிருந்த சட்டை, கழுத்துக் கயிறு, சுற்றியிருந்த துணி எல்லாவற்றையும் துவைக்காமல், தூக்கிப் போடாமல் பெயரெழுதி ஒரு பையில் வையுங்கள். யாரோ இரக்கப்பட்டுப் புதுச் சட்டை மாட்டிவிட்டுப் பழையதை எறிந்துவிட்டால், அம்மா தேடி வரும்போது அடையாளம் காட்ட இருந்த ஒரே பொருளும் போய்விடும்.

தனியாகவே இருக்கும் பிள்ளைகளையும், பெற்றோரைப் பிரிந்தாலும் சித்தியோடோ மாமாவோடோ இருக்கும் பிள்ளைகளையும் ஷீட்டில் வெவ்வேறு பத்தியில் போடுங்கள். முதல் வகைக்கு இன்றிரவே இடம் வேண்டும். இரண்டாவது வகைக்குப் பல நேரம் அந்தச் சித்திக்குக் கொஞ்சம் கைகொடுத்தாலே போதும். இரண்டையும் கலந்தால் எண்ணிக்கை ஊதிப் பெருத்துக் காட்டும், யாரை முதலில் பார்ப்பது என்றே தெரியாது.

---

அடிமட்டம்:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. நான் உள்ளூர்ச் சங்கத்து ஆள், ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கூட்டம் எங்கே நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது? பெரிய நிறுவனத்தின் ஏசி அறையில், வாசலில் அடையாள அட்டை கேட்டு, ஆங்கிலத்தில் நடந்தால் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவோம். எந்தக் கூடாரத்தில் எந்தப் பிள்ளை யாரோடு தூங்குகிறது, எந்த வீட்டில் பதினாலு வயதுப் பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள், எந்தக் கடைக்காரன் பையன்களை வேலைக்குக் கூட்டிப் போகிறான் என்றெல்லாம் எங்கள் பெண்களுக்குத் தெரியும், அது எந்தப் படிவத்திலும் வராது. கூட்டத்தை ஒரு வாரமாவது முகாமுக்குள் நடத்துங்கள். இணைத்தலைவராக ஒரு உள்ளூர் அமைப்பைப் போடுங்கள், அதற்கான நேரத்துக்கும் பேருந்துக் காசுக்கும் யாராவது பணம் ஒதுக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் எந்த நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு ஒருங்கிணைக்கிறீர்கள்? நிதி பங்கிடும்போது அந்த நிறுவனத்துக்கே பெரிய பங்கு போனால் அடுத்த வாரம் யாரும் உண்மையான எண்ணிக்கையைத் தர மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் தன் நிறுவனத்தின் திட்டத்தைக் கூட்டத்தில் பேசவே கூடாது, அதற்கு அந்த நிறுவனத்திலிருந்து வேறு ஆள் வரட்டும்.

---

முகாம்வாசல்:

எல்லாருக்கும் நன்றி. படம் நீக்கியாகிவிட்டது, வரைபடம் ஒட்டப்போகிறேன். அடிமட்டம் கேட்டது நியாயம்தான், என் நிறுவனத்திலிருந்து வேறொருவர் உட்காருவார் என்று பேசிவிட்டேன்.

இப்போது இரண்டு புதுத் தலைவலி. ஒரு அமைப்பு, பெற்றோர் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இரட்டிப்பு நிவாரணப் பொதி கொடுக்கிறது, பட்டியல் நாளுக்கு நாள் நீள்கிறது. இன்னொரு குழுவுக்கு வேறு மாநிலத்தில் பெரிய கட்டடம் கிடைத்திருக்கிறதாம், 'அநாதைப் பிள்ளைகளை' அங்கே கொண்டுபோய் வளர்க்கிறோம், பஸ் தயார் என்கிறார்கள். கேட்டால் சில பெற்றோர் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். நான் தடுத்தால் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுப்பவன் என்று பெயர் வரும்.

---

நலத்துறைக்காரர்:

பஸ் நகரக் கூடாது. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்த சில வாரங்களில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மதக்குழுவினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்து எல்லையில் கைதானார்கள். அநாதைகளை மீட்கிறோம் என்றார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள், நல்ல சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். உங்களிடம் எழுதிக் கொடுத்த பெற்றோரும் அப்படித்தான் இருப்பார்கள். கூடாரத்தில் அரிசி இல்லை, பள்ளி மூடியிருக்கிறது, யாரோ வந்து கட்டடம், சீருடை என்கிறார், யார்தான் யோசிக்க மாட்டார்கள்? அந்தக் குடும்பங்களின் பெயரை எடுத்து உணவு, கல்விக் குழுக்களிடம் கொடுங்கள், கேட்டது கிடைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

நடைமுறை: நீங்கள் தடுக்காதீர்கள், எங்கள் துறையைத் தடுக்கச் சொல்லுங்கள். எழுத்து மூலமான உத்தரவு எங்களிடமிருந்து வர வேண்டும், பெற்றோர் அல்லது சட்டப்படியான பொறுப்பாளர் இல்லாமல், துறையின் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையும் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது என்று. அந்த உத்தரவை முகாம் நிர்வாகம், காவல் நிலையம், பேருந்து நிலையம், சுங்கச்சாவடி எல்லாவற்றுக்கும் அனுப்பி, வாசலில் ஒரு பதிவேடு வையுங்கள். கூடவே தத்தெடுப்புப் பேச்சும் இப்போதைக்கு வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். பேரிடர் நடந்த சூட்டில் யாருடைய பெற்றோர் இறந்தார்கள், யாருடையவர்கள் அடுத்த முகாமில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. செஞ்சிலுவைச் சங்கம், யுனிசெஃப், யுஎன்எச்சிஆர் உட்பட ஆறு அமைப்புகள் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இதுதான் வரிசை: முதலில் குடும்பத்தைத் தேடு, தேடும் வரை பிள்ளையை அதன் சொந்தபந்தத்திடமோ அதே சமூகத்துக் குடும்பத்திடமோ வை, விடுதி என்பது கடைசி வழி, அதுவும் தற்காலிகமாக.

இரட்டைப் பொதியையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கூடுதல் என்று ஆனதும், பசியில் இருக்கும் குடும்பம் பிள்ளையைப் பத்துக் கூடாரம் தள்ளி உட்கார வைத்து, கேட்டால் 'யாரும் இல்லை' என்று சொல்லச் சொல்லும். பட்டியல் நீள்வதற்குக் காரணம் அதுதான். பெற்றோர் இல்லாத பிள்ளையை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் வறிய மற்றக் குடும்பங்களுக்கும் ஒரே அளவுகோலில் கொடுக்கட்டும். பெரியவர் யாருமே இல்லாமல் அண்ணன் தங்கையாக இருக்கும் பிள்ளைகளுக்கு ரேஷன் அட்டை கிடைத்திருக்கிறதா என்று மட்டும் தனியாகப் பாருங்கள், வயது போதவில்லை என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் துறையையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போங்கள். ஆள் குறைவு, வண்டி கிடையாது, உண்மைதான். ஆனால் ஆறு மாதத்தில் நீங்கள் எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள், அந்தக் கேஸ் கோப்புகள் எங்கள் அலமாரிக்குத்தான் வரும். முதல் கூட்டத்திலிருந்தே எங்கள் ஆள் தலைமையில் உட்கார்ந்தால் ஒப்படைப்பது எளிது.

---

பழையகை:

நலத்துறைக்காரர் சொன்னது வெள்ளத்துக்கு, புயலுக்கு, நிலநடுக்கத்துக்கு அப்படியே பொருந்தும். சண்டை நடக்கும் இடத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே அரசோ காவல்துறையோ சண்டையில் ஒரு தரப்பாக இருக்கலாம், ஆயுதக் குழுவிலிருந்து தப்பி வந்த பையனின் பெயரை அவர்களிடம் கொடுப்பது அவன் உயிருக்கே ஆபத்து. ஆட்சேர்ப்பு, பள்ளிகள் மருத்துவமனைகள் மீதான தாக்குதல், கடத்தல் போன்ற ஆறு வகைக் கடுமையான மீறல்களைக் கண்காணிக்க 2005-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1612-ஆம் தீர்மானப்படி தனி ஏற்பாடே இருக்கிறது. அந்தத் தகவல் அந்த வழியாகத்தான் போக வேண்டும், இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாயே திறக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், கேஸ் ஒர்க்கர்களை எண்ணிப் பாருங்கள். குழந்தைப் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரநிலைகள் 2012-ல் வந்து 2019-ல் திருத்தப்பட்டன, மொத்தம் 28, அதில் முதலாவதே ஒருங்கிணைப்பு. பதினெட்டாவதில் ஒரு கேஸ் ஒர்க்கருக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. விளையாட்டுக் கூடாரம் போட எல்லாரும் வருவார்கள், படம் எடுக்க அழகாக இருக்கும், பேனர் கட்டலாம். தனித்தனிப் பிள்ளையாகப் பின்தொடர்ந்து வீடு வீடாகப் போகும் வேலைக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம், நிதி கேட்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

---

அடிமட்டம்:

கூடாரத்தை அவ்வளவு மட்டமாகச் சொல்லாதீர்கள். அம்மா தண்ணீர் வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரம் பிள்ளையை நம்பி விட ஒரு இடம் வேண்டாமா? எங்கள் முகாமில் தவறான ஆள் ஒருவன் பிள்ளைகளைச் சுற்றி வருவது தெரிந்ததே கூடாரத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அங்கிருந்த அக்கா கேட்டதால்தான். கூடாரத்தில் இருப்பவருக்கு அந்த ஒருபக்கத் தாள் கையில் இருக்க வேண்டும், பின்னணி விசாரித்து வேலைக்கு எடுத்திருக்க வேண்டும். ஆளில்லாத உள்முகாமில் கூடாரம் இருந்தால் இன்னும் நல்லது.

---

பழையகை:

சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஒரே இடத்தில் என்பதுதான் என் சண்டை.

---

எக்செல்தொழிலாளி:

முகாம்வாசல், கடைசியாக ஒன்று. யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்று ஐந்து கேள்விப் படிவம் ஒன்றை எல்லா அமைப்புகளிடமும் வாங்குவீர்கள். அதில் பத்தியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், முப்பது பத்தி வைத்தால் உள்ளூர்ச் சங்கங்கள் நிரப்பாது, பெரிய நிறுவனங்கள் கற்பனையில் நிரப்பும். பத்துக்குள் முடியுங்கள். வந்த தகவலை அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வரைபடமாகவோ பட்டியலாகவோ அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், திரும்பி எதுவும் வராவிட்டால் மூன்றாவது வாரம் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம் உங்கள் கூட்டத்தைவிட மற்றவர்கள் கூட்டத்துக்கு அதிகமாகப் போங்கள். கழிப்பறை போடும் குழுவிடம் உள்தாழ்ப்பாளும் விளக்கும் வேண்டும் என்று சொல்ல, உணவு விநியோகத்தில் பிள்ளைகள் மூட்டை சுமக்காமல் பார்க்க, மருத்துவ முகாமில் இருப்பவருக்கு அந்த ஒருபக்கத் தாளைக் கொடுக்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பழையகை சொன்ன அந்த 28 தரநிலைகளில் கடைசி எட்டும் இந்த மற்றத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்வது பற்றித்தான்.

---

முகாம்வாசல்:

நாளைக்குத் தண்ணீர், சுகாதாரக் குழுவின் கூட்டம் இருக்கிறது, போகிறேன். துறையிடம் உத்தரவு கேட்டுக் கடிதம் கொடுத்தாயிற்று, அது வரும்வரை பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவைக்க முகாம் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஒருபக்கத் தாளின் மாதிரி யாரிடமாவது இருந்தால், எண்களை அழித்துவிட்டு இங்கே போடுங்கள்.